டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கார்புரேட்டரும் கிக்கரும் உள்ள ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்குகளை மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. இன்ஜெக்‌ஷன் முறையில் பெட்ரோல் செலுத்தும் வண்டிகளுக்குக் கார்புரேட்டர் பற்றிய பகுதிகள் பொருந்தா. பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பற்றியவை அவற்றுக்கும் பொருந்தும்.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், பணத்தைக் கரைக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையை மாற்ற வேண்டாம். பழுதாகாத சிடிஐயை (பிளக்குக்குப் பொறி தரும் மின்னணுப் பெட்டி) கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியவர்களில் பலர், இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சின் வயரை ஒரு நிமிடம் பிரித்துப் பார்த்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

பத்து கிக்கில் கிளம்பாத வண்டியைத் தொடர்ந்து உதைத்துக்கொண்டே இருப்பதும் தவறு. ஒவ்வொரு கிக்கும் கொஞ்சம் பெட்ரோலை உள்ளே இழுப்பதால், முதலில் இருந்த சிறிய பிழையின் மேல் பெட்ரோல் நிரம்பிய இன்ஜின் என்ற இரண்டாவது பிழையும் ஏறிக்கொள்கிறது. அதன் பிறகு எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.

## கருவியைத் தொடும் முன்

டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் குமிழ்) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் மூடியின் மேல் உள்ள காற்றுக் குழாயை வாயால் ஊதிப் பாருங்கள். காற்று டேங்குக்குள் போக வேண்டும். அது சேற்றால் அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். மூடியைச் சற்றுத் தளர்த்தியவுடன் வண்டி கிளம்பினால் பிழை அங்கேதான் இருந்தது.

குளிர்ந்த இன்ஜினுக்குச் சோக் இழுத்திருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுவதும் மூடியிருக்க வேண்டும். சோக் போட்டுக்கொண்டே ஆக்சிலரேட்டரைத் திருகுபவர்கள் ஏராளம். திருகியவுடன் கார்புரேட்டரின் ஸ்லைடு (காற்று வழியைத் திறந்து மூடும் பாகம்) மேலே ஏறுவதால் சோக் வழியாகப் பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சல் குறைந்துவிடுகிறது. சோக் இருந்தும் இல்லாதது போலத்தான்.

அடுத்தது பெட்ரோலின் வயது. ஆயில் கலந்த பெட்ரோல் சில வாரங்களிலேயே எளிதில் ஆவியாகும் தன்மையை இழக்கத் தொடங்கும். எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் வேறு எதையும் ஆராயாமல், டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலிசெய்து புதிதாகக் கலந்த பெட்ரோலை ஊற்றுங்கள். கலவை விகிதத்தை வண்டியின் கையேடு சொல்லும். 32:1 என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 31 மி.லி. ஆயில், 40:1 என்றால் 25 மி.லி., 50:1 என்றால் 20 மி.லி.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் வண்டி கிளம்பவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். அடுத்து எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதைப் பிளக்கின் முனைதான் தீர்மானிக்கும். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்றிவிடுங்கள்; அங்கிருந்து விழும் ஒரு மணல்துகள் நேராகச் சிலிண்டருக்குள் போகும்.

## பிளக் முனை காய்ந்திருக்கிறது

பல முறை கிக் அடித்த பிறகும் முனையில் ஈரமோ பெட்ரோல் வாசனையோ இல்லை என்றால், பெட்ரோல் சிலிண்டரை எட்டவில்லை. இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. கலவைப் பெட்ரோலில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக எடுத்து பிளக் துளைக்குள் விட்டு, வெளியே சிந்தியதைத் துடைத்துவிட்டு, பிளக்கை மாட்டிக் கிக் அடியுங்கள். இரண்டு விநாடி வெடித்து ஓடி நின்றால் பொறியும் கம்ப்ரஷனும் ஓரளவு நன்றாக இருக்கின்றன என்று பொருள். இனி பெட்ரோல் வரும் பாதையை மட்டும் பார்த்தால் போதும். இதற்கு ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயைப் பயன்படுத்த வேண்டாம். அதில் ஆயில் இல்லாததால், பெட்ரோலோடு வரும் ஆயிலையே நம்பியிருக்கும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் பிஸ்டனும் பேரிங்கும் அந்த நேரத்தில் வறண்டு உரசும்.

பாதையை மேலிருந்து கீழாகப் பாருங்கள். கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, ஒரு பாத்திரத்தில் காக்கைத் திறந்துவிடுங்கள். தாராளமாகக் கொட்டாமல் சொட்டுச் சொட்டாக வந்தால் காக்கின் வடிகட்டி அடைத்திருக்கிறது. நன்றாகக் கொட்டினால், குழாயை மீண்டும் மாட்டி, கிண்ணத்தின் அடியில் உள்ள போல்ட்டைத் திறந்து பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால், கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் ஃப்ளோட் ஊசி மேலே ஒட்டிக்கொண்டிருக்கலாம்; நீண்ட நாள் நின்ற வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும்.

கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தும் பிளக் காய்ந்திருக்கிறது என்றால் சந்தேகம் பைலட் ஜெட்டின் மேல் விழ வேண்டும். ஸ்டார்ட் ஆவதற்கும் ஐடிலிங்கில் நிற்பதற்கும் பெட்ரோல் கொடுப்பது முக்கியமாக அதுதான். கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் பெரிதாகத் தெரிவது மெயின் ஜெட். அதன் பக்கத்தில் ஓர் ஆழமான துளைக்குள் பைலட் ஜெட் ஒளிந்திருக்கும். மெயின் ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, கார்புரேட்டர் முழுவதும் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். ஜெட் மெல்லிய பித்தளையால் ஆனது என்பதால், அதன் வெட்டில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால் மட்டும் கழற்ற வேண்டும்.

கழற்றிய ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துளை சுமார் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். நல்ல ஜெட்டில் ஓரம் பிசிறில்லாத ஒரு வட்டப் புள்ளியாக வெளிச்சம் தெரியும். பழைய பெட்ரோலின் பிசின் படிந்த ஜெட்டில் அந்தப் புள்ளி கோணலாகவோ பிறை போலவோ தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. கோணலாகத் தெரிந்தாலே அடைப்பு என்றுதான் கொள்ள வேண்டும். "கொஞ்சம் வெளிச்சம் வருகிறதே" என்று விட்டுவிடக் கூடாது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, ஒற்றைச் செம்புக் கம்பி இழையால் குத்தி, காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பியோ துரப்பண முனையோ துளையைப் பெரிதாக்கிவிடும். பிசின் கரையவில்லை என்றால் அதே எண்ணுள்ள புதிய ஜெட் வாங்கிக்கொள்வதே நல்லது; கார்புரேட்டரில் மிகவும் மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று.

மீண்டும் பூட்டும்போது ஸ்லைடின் சாய்வாக வெட்டப்பட்ட பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஸ்லைடு முழுவதும் கீழே இறங்காமல், கிளம்பியவுடன் இன்ஜின் அலறும். ஐடிலிங்கில் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை இறுக்கமின்றி முழுவதும் உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து வையுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு இது தொடக்கத்துக்குப் போதுமானது.

## பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது

பெட்ரோல் அதிகமாகிவிட்டது, அல்லது பெட்ரோல் வந்தும் எரியவில்லை. இவ்விரண்டில் எது என்று அறிய, முதலில் இன்ஜினைக் காயவைக்க வேண்டும். பெட்ரோல் காக்கை மூடுங்கள், சோக்கை எடுத்துவிடுங்கள், பிளக் கேப்பில் வேறொரு பிளக்கை மாட்டி, சிலிண்டர் துளையிலிருந்து தள்ளி இன்ஜினின் உலோகத்தில் அழுத்தி வையுங்கள். ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்துகொண்டு பத்துப் பதினைந்து முறை கிக் அடியுங்கள். துளையிலிருந்து பெட்ரோல் சாரலாக வெளியேறும் என்பதால், கில் சுவிட்சை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது நல்லது. பிறகு காய்ந்த புதிய பிளக்கை மாட்டி, ஆக்சிலரேட்டரைக் கால் பங்கு திறந்து முயலுங்கள்.

இங்கே புதிய பிளக் என்பது முக்கியம். ஒருமுறை நன்றாக நனைந்து கரி பிடித்த பிளக், வெளியே வைத்துப் பார்க்கும்போது பொறி தந்தாலும், சிலிண்டருக்குள் அழுத்தத்தின் கீழ் தராமல் போகலாம். துடைத்த பிளக்கை நம்பி வீணாகும் நேரம், கையிருப்பில் ஒரு புதிய பிளக் இருந்தால் மிச்சமாகும். முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும், சரியான அளவையும் பிளக் எண்ணையும் கையேட்டில் பாருங்கள்.

காயவைத்த பிறகு கிளம்பி, மறுபடியும் மறுபடியும் நனைகிறது என்றால் காரணத்தைத் தேட வேண்டும். வண்டி கீழே விழுந்து கிடந்திருந்தால் அதுவே போதிய காரணம். மேலும் தேட வேண்டாம். நிறுத்தியிருக்கும்போதே கார்புரேட்டரின் வழிந்தோடும் குழாயிலிருந்து பெட்ரோல் கசிந்தால் ஃப்ளோட் ஊசியின் இருக்கையில் தூசி இருக்கிறது, அல்லது ஊசியின் முனையில் வளையம்போல் தேய்மானம் விழுந்திருக்கிறது. கிண்ணத்தை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டினால் தூசி நகர்ந்து கசிவு நிற்கக்கூடும். தேய்ந்த ஊசிக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஏர் ஃபில்டரில் ஆயில் அதிகமாகத் தடவப்பட்டிருந்தாலும், சைலன்சரைச் சேறோ பூச்சிக்கூடோ அடைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும்.

பிளக்கில் இருப்பது பெட்ரோலாக இல்லாமல் பிசுபிசுப்பான கருப்பு எண்ணெயாக இருந்து, ஓடும்போது நிற்காத வெள்ளைப் புகையும் வந்து, கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே போனால், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. எத்தனை பிளக் மாற்றினாலும் இது தீராது. பல வண்டிகளில் அந்தப் பக்கத்துக் கவரையும் கியரையும் கழற்றித்தான் சீலை எட்ட முடியும் என்பதால், முன் அனுபவம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது நல்லது.

## பிளக்கில் கரண்ட் வரவில்லை

பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜின் ஹெட்டில் அழுத்தி வைத்து, நிழலான இடத்தில் கிக் அடித்துப் பாருங்கள். பிளக் துளை அருகே வேண்டாம். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். நீலமாகவும் தடிமனாகவும் "டக்" என்ற ஓசையோடும் வந்தால் நல்ல பொறி. மஞ்சளாக, நூல்போல வந்தால் பலவீனம். பிளக்கை எங்கும் தொடாமல் தொங்கவிட்டுக் கிக் அடிக்காதீர்கள். போக்கிடமில்லாத உயர் அழுத்த மின்சாரம் இக்னிஷன் காயிலையோ சிடிஐயையோ பழுதாக்கலாம்.

முதலில் புதிய பிளக். அதற்கும் வரவில்லை என்றால் கில் சுவிட்சின் இணைப்பைப் பிரித்துவிட்டுச் சோதியுங்கள். இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் சுவிட்சை அழுத்தினால் மின்சாரம் எர்த்துக்குப் போய் இன்ஜின் நிற்கும். உள்ளே ஈரம் புகுந்தாலோ, ஹேண்டில்பாருக்கு அருகில் வயர் தேய்ந்து உலோகத்தில் பட்டாலோ, யாரும் அழுத்தாமலேயே சுவிட்ச் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கும். பிரித்தவுடன் பொறி வந்தால் பிழை கிடைத்துவிட்டது. சுவிட்ச் இல்லாத நிலையில் இன்ஜின் ஓடத் தொடங்கினால், பிரேக்கைப் பிடித்து, மேல் கியரில் கிளட்சை விட்டு நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிளக் கேப். அதைத் திருகிக் கழற்றினால் வயரின் முனை பச்சையாகப் பூத்திருப்பதைப் பல நேரம் காணலாம். வயர் போதிய நீளம் இருந்தால் 5 மி.மீ. வெட்டிவிட்டு, புதிய செம்பு தெரிந்ததும் கேப்பை மீண்டும் திருகிவிடுங்கள். ரெசிஸ்டர் உள்ள கேப்பை மல்டிமீட்டரில் அளந்தால் ஏறக்குறைய 5 கிலோ ஓம் காட்டுவது வழக்கம். எல்லையற்ற அளவைக் காட்டினால் கேப் போய்விட்டது. பிறகு காயில் ஃபிரேமோடு சேரும் இடத்தில் துருவையும் பெயிண்டையும் சுரண்டி, எர்த் வயரை இறுக்குங்கள். எல்லாக் கனெக்டர்களையும் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பொறி இல்லை என்றால்தான், கிராங்கோடு சுழலும் மேக்னட்டின் அருகே மின்சாரத்தை உண்டாக்கும் கம்பிச் சுருளான ஸ்டேட்டருக்கு மல்டிமீட்டரோடு போக வேண்டும். ஸ்டேட்டரிலிருந்து வரும் வயர்களின் ஓம் அளவுகள் ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும். கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடாத எண்ணுக்குப் பொருளில்லை. மேக்னட் கவரைத் திறந்தும் பாருங்கள்: உள்ளே தண்ணீரும் துருவும் இருந்தால் சுத்தம் செய்வதே போதுமானதாக இருக்கலாம்; எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்தப் பக்கத்துக் கிராங்க் சீல் கசிகிறது.

சிடிஐயை வீட்டில் மல்டிமீட்டரால் நம்பகமாகச் சோதிக்க முடியாது. மற்ற அனைத்தும் சரி என்று உறுதியான பிறகு, அதே மாடல் வண்டியிலிருந்து ஓடும் சிடிஐ ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் ஒரே நேர்மையான சோதனை. இரவல் கிடைக்கவில்லை என்றால் சோதனைக் கருவி உள்ள எலெக்ட்ரீஷியனிடம் கொண்டு போங்கள். ஊகத்தின் பேரில் வாங்க வேண்டாம்.

## பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, கிக்கர் லேசாக இறங்குகிறது

கம்ப்ரஷன் குறைந்துவிட்டது. பிளக்கும் அதன் வாஷரும் இறுக்கமாக இருக்கின்றனவா, ஹெட் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கம்ப்ரஷன் கேஜை மாட்டுங்கள். ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து, முள் மேலே ஏறுவது நிற்கும் வரை கிக் அடியுங்கள். திறக்காமல் அடித்தால் உள்ளே காற்று போதாமல் நல்ல இன்ஜினும் மோசமாகக் காட்டும். அளவு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். ஆனாலும் 120 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கிய வண்டியைக் காலால் கிளப்புவது பெரும்பாடு. உயரமான மலைப்பகுதியில் அளந்தால் சற்றுக் குறைவாகவே காட்டும். வண்டி புதிதாக இருந்தபோதே ஒருமுறை அளந்து குறித்து வைத்திருந்தால், பொதுவான எந்த எண்ணையும்விட அந்தக் குறிப்பு பயன்படும்.

கேஜ் இல்லை என்றாலும் வழியுண்டு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஹெட்டைக் கழற்றாமலேயே பிஸ்டனைப் பார்க்க முடியும் என்பது பெரிய வசதி. எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்றுங்கள், டார்ச் அடியுங்கள், கிக்கரைக் கையால் மெதுவாக நகர்த்துங்கள். போர்ட்டின் குறுக்கே பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதன் பக்கமும் ரிங்குகளும் தெரியும். மேலிருந்து கீழாக ஆழமான கோடுகளோ, சாம்பல் நிறத்தில் அலுமினியம் இழுபட்ட தீற்றலோ இருந்தால் இன்ஜின் ஒருமுறையேனும் பிடித்திருக்கிறது, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றிருக்கிறது. மரக்குச்சியால் ரிங்கை மெதுவாக அழுத்துங்கள்; நல்ல ரிங் உள்ளே போய்த் திரும்பி வரும். அசையவில்லை என்றால் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதே நேரத்தில், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே உள்ள ஒருவழி வால்வான ரீடு வால்வையும் கழற்றிப் பாருங்கள். இதழ்களின் முனையில் சில்லு உடைந்திருந்தாலோ, வெளிச்சத்தில் பிடிக்கும்போது இதழுக்கும் இருக்கைக்கும் இடையே ஒளி தெரிந்தாலோ, கம்ப்ரஷன் நன்றாக இருக்கும் வண்டிகூடக் கிளம்ப அடம்பிடிக்கும். உடைந்த சில்லு காணவில்லை என்றால் அது கிராங்க் அறைக்குள் போயிருக்க வாய்ப்புண்டு. அதைக் கண்டெடுக்காமல் ஓட்ட வேண்டாம்.

பிஸ்டன், ரிங் மாற்றுவதைக் கையேட்டை வைத்துப் பொறுமையோடு வீட்டிலேயே செய்யலாம். சிலிண்டர் சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் கோடு இருந்தால் பட்டறைக்குத்தான் கொண்டு போக வேண்டும். இரும்பு ஸ்லீவ் உள்ள சிலிண்டரை ரீபோர் செய்யலாம் (உட்சுவரைச் சற்றுப் பெரிதாகக் கடையலாம்). நிக்கசில் எனப்படும் கடினமான உலோகப் பூச்சுள்ள சிலிண்டரை அவ்வாறு கடைந்துவிட முடியாது, பழைய பூச்சை நீக்கி மீண்டும் பூச வேண்டும். எந்த வகை என்று கேட்காமலேயே ரீபோர் செய்துவிடலாம் என்று சொல்லும் இடத்தில் சிலிண்டரை ஒப்படைக்க வேண்டாம்.

## கிக்கர் திருப்பி உதைக்கிறது, அல்லது கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது

பொறி வருகிறது, ஆனால் நேரம் தவறி வருகிறது. மேக்னட்டை கிராங்கில் சரியான இடத்தில் நிறுத்தும் பிறை வடிவச் சாவி வெட்டுப்பட்டு, மேக்னட் சற்றுத் திரும்பியிருக்க வாய்ப்பு மிகுதி. மேக்னட் நட்டு தளர்ந்திருந்தாலோ, இன்ஜின் திடீரென்று பிடித்திருந்தாலோ இது நடக்கும். அந்த மாடலுக்கு உரிய புல்லரால் மட்டுமே மேக்னட்டைக் கழற்ற வேண்டும். சுத்தியலும் கம்பியும் கிராங்கின் முனையைக் கெடுத்துவிடும். புதிய சாவி மிகக் குறைந்த செலவுதான். கிராங்கின் கூம்பு முனை உராய்ந்து புண்ணாகியிருந்தால் மட்டும் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

## கிளம்புகிறது, ஆனால் சோக்கை எடுத்தவுடன் நின்றுவிடுகிறது

பைலட் ஜெட் பாதி அடைத்திருக்கலாம். மேலே சொன்னபடி சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், குறிப்பாக ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் தொங்கினால், எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. கார்புரேட்டருக்கும் ரீடு வால்வுக்கும் இடையே உள்ள ரப்பரை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், கிளாம்பை இறுக்குங்கள். அடுத்த சந்தேகம் மேக்னட் பக்கத்துக் கிராங்க் சீல். இந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. கலவையில் பெட்ரோல் குறைவதால் இன்ஜின் மிகையாகச் சூடேறிப் பிஸ்டன் பிடித்துவிடும். சீலை உறுதிசெய்ய இன்ஜினின் வாய்களை அடைத்து 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றேற்றிப் பார்க்கும் சோதனை பட்டறையில் செய்ய வேண்டியது. அதைவிட அதிகமாக ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

## குளிர்ந்திருக்கும்போது கிளம்புகிறது, சூடானதும் மறுக்கிறது

முதலில் சோக் இல்லாமல், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்து முயலுங்கள். பல நேரம் இது வெறும் பெட்ரோல் மிகுதிதான். அப்படியும் மறுத்தால், சூடாக நின்றுபோன அந்த நிமிடத்திலேயே பொறியைச் சோதியுங்கள். சூட்டில் பொறி மறைந்து, ஆறியதும் திரும்பினால் ஸ்டேட்டர் அல்லது காயில். ஓம் அளவைச் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும், ஆறிய பிறகு எடுத்த அளவு சரியாகவே காட்டி ஏமாற்றும். பொறி நன்றாக இருந்தால் தேய்ந்த பிஸ்டனும் ரிங்கும்தான் அடுத்த சந்தேகம்.

## தண்ணீரில் மூழ்கிய பிறகு

கிக் அடிக்காதீர்கள். தண்ணீர் அழுத்தினாலும் சுருங்காது. வேகமாக உதைத்தால் கனெக்டிங் ராட் வளையக்கூடும். பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் காக்கை மூடி, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கிக்கரைக் கையால் மெதுவாக நகர்த்தி நீரை வெளியேற்றுங்கள். ஏர் பாக்ஸ், கார்புரேட்டர் கிண்ணம், சைலன்சர் மூன்றையும் காலிசெய்யுங்கள். கியர் ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

## கிக்கர் அசையவே இல்லை

பிளக்கைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் வைத்துக் கையால் முயலுங்கள். பிளக்கைக் கழற்றியதும் அசைந்தால் உள்ளே தேங்கியிருந்த பெட்ரோலோ தண்ணீரோதான் தடுத்தது. நீண்ட நாள் ஈரத்தில் நின்ற வண்டியாக இருந்தால், பிளக் துளை வழியே சிறிது ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மேல் கியரில் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். விடுபட்டாலும் உடனே ஸ்டார்ட் செய்யாமல் எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகப் பிஸ்டனைப் பார்த்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று பிடித்து நின்ற இன்ஜினாக இருந்தால் எண்ணெய் ஊற்றும் முயற்சியே வேண்டாம். கிராங்க் பேரிங் வரை திறந்து பார்க்க வேண்டிய வேலை அது. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, பிடிப்பதற்கு முன் சத்தம் வந்ததா, கலவை விகிதம் என்ன, கடைசியாகப் பிஸ்டன் எப்போது மாற்றப்பட்டது என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.